திருப்பிப் போட்ட உறை

பழைய காரின் முன்சீட்டு உறையைப் பிரித்தபோது அதன் உள்பக்கமும் தேய்ந்திருந்தது.

வெளிப்பக்கம் தேய்ந்ததில் அதிசயமில்லை. அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்த சீட். ஆனால் உள்பக்கத்தைப் பஞ்சையும் நாரையும் தவிர வேறு எதுவும் தொட்டிருக்க முடியாது. அங்கே, தலை சாயும் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், அதற்குக் கீழே தோள்பட்டை அகலத்துக்கு நைந்த தடமும் இருந்தன. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் யாருங்க சாஞ்சிருப்பாங்க?"

"பேய்தான். சோப்பு போட்டா போயிடும், நீ தைம்மா."

புதுத் துணி வாங்க வழியில்லை. வேலை போனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். மாமனார் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த இந்தப் பழைய காரைத் தேற்றி வாடகைக்கு விடலாம் என்பது அவனுடைய யோசனை. மறுநாள் காலை போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் கல்யாண ஜோடிகளை உட்காரவைத்து எடுக்கும் படங்களுக்கெல்லாம் இதையே வாடகைக்கு எடுத்துக்கொள்வார். இதுவும் நடக்காவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் அவன் அன்றைக்கே வேலையில் இறங்கினான்.

ஆகவே எல்லாம் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் வேலைதான். டாஷ்போர்டின் விரிசலுக்கு மெழுகும் ஷூ பாலிஷும் போட்டான். கதவுகளின் உள்கைப்பிடிகளையும் கண்ணாடி இறக்கும் கைப்பிடிகளையும் கழற்றிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து ஷெட்டுத் தரையில் செய்தித்தாள் மேல் காயவைத்தான். வெளுத்த உறையைத் துவைத்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பித் தைக்கச் சொன்னான். நிறம் கெடாத பக்கம் அது, கறையும் போய்விட்டது. இப்படி ஒரு மூளைக்காரனைப் போய் வேலையை விட்டு அனுப்பினார்களே என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மனைவி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். ஷெட்டில் அவன் மட்டும்தான். சீட்டில் மண்டியிட்டு, சாய்மானத்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்து அமுக்கிக்கொண்டு, கைகளைப் பின்னால் விட்டு உறையின் ஓரத்தைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான். காற்றில் அவன் பக்கமிருந்த கார்க் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. திறக்கக் கையை நீட்டினான். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

நான்கு கதவுகளும் அப்படித்தான். ஓட்டைக்குள் இருந்த குட்டைக் கம்பியைத் திருகக் குறடு வேண்டும். குறடு வெளியே கிடந்தது. தூசி விழக் கூடாதென்று கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டவனும் அவனேதான். ஓங்கி ஓர் உதை விட்டால் கண்ணாடி தூளாகிவிடும். ஆனால் அந்த மாடல் கண்ணாடி இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. காலைத் தூக்கினான். மறுநாள் வரப்போகிற ஸ்டுடியோக்காரரை நினைத்து இறக்கிவிட்டான். அவள் வந்து வெளியிலிருந்து திறந்துவிடப் போகிறாள், அதற்குள் இதை முடித்துவிடலாம் என்று மறுபடி சாய்மானத்தைக் கட்டிப்பிடித்தான்.

பெயிண்ட் வாடை, சரியாகக் காயாத துணியின் சோப்பு வாடை, அதற்கும் அடியில் ரொம்ப நாள் குளிக்காத ஒருவருடைய தலைமுடி வாடை என்று ஒவ்வொன்றாக மூக்கில் ஏற, கூரைத் தகரத்தில் மழை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அவன் நெஞ்சுக்குக் கீழே பஞ்சு மெதுவாக அமுங்கி மெதுவாக எழுந்தது. தன்னுடைய மூச்சுத்தான் என்று நினைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பஞ்சு எழுந்தது. அமுங்கியது. எழுந்தது.

விலகப் பார்த்தான். முடியவில்லை. சீட்டின் இரண்டு பக்கமும் துணி நீண்டு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தது. துணிக்குள் விரல்கள் இருந்தன.

கண்ணாடி போனால் போகட்டும். உதைத்தான். கால் எட்டவில்லை. கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. நார் குத்தியது. வாய் நிறையப் பஞ்சு. இருட்டு.

பிறகு இழைகளின் நடுவே கொஞ்சம் வெளிச்சம். எதிரே டாஷ்போர்டு. அதற்கு முன்னால், அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் மெல்ல நிமிர்ந்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்தவன் செய்வதுபோல் சோம்பல் முறித்தான். திரும்பியபோது தெரிந்த முகமும் அவனுடையதுதான்.

வெளியிலிருந்து கதவு திறந்தது. மனைவி குனிந்து பார்த்தாள். அவன் அவளைக் கூப்பிட்டான். பஞ்சைத் தாண்டிக் குரல் போகவில்லை.

"அட, முடிச்சிட்டீங்களா? நல்லா வந்திருக்குங்க," என்றாள் அவள், சட்டைக்காரனிடம். இவ்வளவு சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. இனி அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டாள். அதை நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

மகள் ஏறிச் சீட்டில் தொப்பென்று சாய்ந்தாள். தூக்கிக்கொள்ளும்போது தெரிகிற அதே எடை, அதே ஈரத் தலை. அவளைப் பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். துணி லேசாக உப்பியது.

"அம்மா, குத்துது."

மனைவி அவளை நகர்த்திவிட்டு உப்பலை உள்ளங்கையால் நீவினாள். கை சூடாக இருந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, அந்தக் கை இருந்த பக்கம் முகத்தை அழுத்தினான்.

"படிய மாட்டேங்குது பாருங்க. ரெண்டு பட்டன் வச்சு இழுத்துத் தச்சிடட்டுமா?"

"தச்சிடும்மா," என்றான் சட்டைக்காரன், அவனுடைய குரலில். "நல்லா இறுக்கி."

அவள் மெத்தை தைக்கிற நீள ஊசியில் நூல் கோத்தாள். பட்டன் வைக்க இடம் தேடித் துணியின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் அவனுடைய இடது கண்ணின் மேல் வந்து நின்றது.

"இங்க ஒண்ணு," என்றாள். பிறகு வலது கண்ணின் மேல் வைத்தாள். "இங்க ஒண்ணு."

இழைகளை விலக்கிக்கொண்டு ஊசியின் முனை உள்ளே வருவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.