பிடுங்கிய பிறகும் வந்த முகவரி

ஆலங்காயத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அன்பரசன் மலையேறி வந்தபோது மதியம்தான். ஆனாலும் மூடுபனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

"இன்னா பிரச்சனைக்கா?"

ஈஸ்வரி மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள். வீட்டு இணையம் முழுக்க அதன் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி எண்ணை அதுதான் கொடுக்கும். அமைத்து வைத்தது அவள் கணவன் தனசேகரன். போன மாத வெள்ளத்தில் காட்டாற்றைக் கடக்கப் போனவன் திரும்பவில்லை. வண்டி மட்டும் கிடைத்தது. உடம்பும் கிடைக்கவில்லை, சட்டைப்பையிலிருந்த போனும் கிடைக்கவில்லை.

திரையில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு முகவரியை இரண்டு கருவிகள் கேட்கின்றன.

"அவரு போனுக்கு இருந்த முகவரி நம்பர என் போனுக்குப் போட்டுக்கினேன்," என்றாள். "காலைலருந்து இன்னொண்ணும் அதையே கேக்குது."

அன்பரசன் அவள் போனை அணைத்தான். எச்சரிக்கை நின்றது. ஆனால் அந்த எண் இன்னும் உயிரோடிருந்தது. அதற்குரிய கருவியின் அடையாளத்தைப் படித்தவன் முகம் வெளுத்தது.

"அவரு போன்தான்க்கா இது."

ஈஸ்வரி திரைக்கருகே வந்தாள். "அப்ப உசுரோட இருக்காரு."

"இந்த வைஃபை சிக்னல் வாசலத் தாண்டி எட்டாதுக்கா."

திரையில் அந்த போனின் சிக்னல் அளவு, அது நெருங்கி வருவதுபோல் மெல்ல ஏறியது.

அவள் கதவுக்கு ஓடினாள். "வேணாம்க்கா, தொறக்காதீங்க," என்று அவன் கிசுகிசுத்தான். அவள் திறந்தாள்.

பனி. அழுகிய இலையின் வாடை. ஆளில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தாள். சிக்னல் உச்ச அளவில் நின்றது.

அன்பரசன் வைஃபையை அணைத்தான். திரையிலிருந்து எண் மறையவில்லை. இப்போது அது கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளை ஒன்றின் வழியாக வருவதாகத் திரை சொன்னது. அதில் கேபிளே செருகியிருக்கவில்லை.

அவன் கம்ப்யூட்டரின் பவர் வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது.

"வாங்க போலாம்க்கா. கீழ எங்க வூட்ல இருங்க."

"நீ போ தம்பி."

அவன் வண்டிச் சத்தம் பனிக்குள் தேய்ந்து மறைந்தது. ஈஸ்வரி மண்டியிட்டு, செத்துக் கிடந்த பெட்டியின் பின்பக்கத்தில் நெற்றியை வைத்தாள்.

"உள்ள வந்துட்டீங்களா? ஏதாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அந்தச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் கன்னத்தில் இறங்கியது. சில்லென்று, செம்மண் கலந்து.

துளைக்குள், இணைப்பு கிடைத்துவிட்டதைச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்தது.