வேரோடு ஒரு முடி

பன்னை இரண்டாவது கடி கடித்தபோது வாயில் முடி தட்டுப்பட்டது.

நாக்கால் துழாவி, கடைவாயிலிருந்து முன்னால் தள்ளி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் இருக்கும். கடைசியில் நாக்கின் அடியில் எங்கோ சுருக்கென்று ஒரு வலி கொடுத்துவிட்டு, எச்சிலில் ஊறிய மாவோடு வெளியே வந்தது. சலூன் வைத்திருப்பவனுக்கு முடியில் என்ன அருவருப்பு? சட்டைக் காலரில், டீ டம்ளரில், காதுக்குள் என்று பதினேழு வருடமாக ஊரார் முடியோடு குடும்பம் நடத்துகிறவன் அவன். ஆனால் இதை வெளிச்சத்தில் பார்த்ததும் கையை முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்தான். நுனியில் வெள்ளையாக, ஈரமாக, ஒரு வேர் இருந்தது. வெட்டின முடிக்கு வேர் இருக்காது. இது அவன் கடையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததில்லை.

“என்னங்க?” என்றாள் மனைவி.

“பன்னுல முடி.”

“உங்க சொந்தக்காரங்களா இருக்கும். நல்லா இருக்காங்களான்னு விசாரிங்க.”

அவள் சிரித்தாள். அவன் மீதிப் பன்னைக் காக்கைக்குப் போட்டுவிட்டு விரலை பெஞ்சில் துடைத்தான். முடி பெஞ்சில் ஒட்டிக்கொண்டது, விரலையும் விடவில்லை. மூன்று முறை உதற வேண்டியிருந்தது.

ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால் சலூன்காரனுக்கு அன்றுதான் தலைக்கு மேல் வேலை. அவன் வீட்டு ஞாயிறு செவ்வாய்க்கிழமைதான் வரும். அதனால் நகரத்தின் கோடியில், கடைசி பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் இந்தப் பெரிய பூங்காவில் அவர்களுக்குக் கூட்டத்தொல்லை கிடையாது. எத்தனை ஏக்கர் என்று அவனுக்குத் தெரியாது. முன்பக்கம் ஊஞ்சலும் சறுக்குமரமும், நடுவில் ஒரு குளம், அதற்கப்பால் ஆள் போகாத பின்பக்கம். அந்தப் பின்பக்கத்துக்குத்தான் அவன் வாரா வாரம் ஒரு சாக்கு மூட்டை கொண்டுவருவான். கடையில் விழுந்த முடி. குப்பை வண்டிக்காரன் முடியை வாங்கமாட்டேன் என்று முரண்டுபிடித்த நேரத்தில், பூங்காவின் தோட்டக்காரர் முடிவெட்ட வந்தவர், “எனக்குக் குடுங்க தம்பி, மண்ணுக்கு நல்ல உரம்” என்றார். ஒரு வருடம் ஆகிவிட்டது. களிமண் பொட்டலாகக் கிடந்த இடம் இப்போது புல்தரை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“ஊர் சுத்த வந்தாலும் இந்த மூட்டையத் தூக்கிக்கிட்டுத்தான் வரணுமா?” என்றாள் மனைவி, வழக்கம் போல.

“பத்து நிமிஷம். குடுத்துட்டு வந்துடறேன்.”

“நானும் வரேன்!” என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள் வாலு.

வாலு அவர்களுடைய மகள். நான்கு வயது. பெயர் வேறு, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உச்சந்தலையில் இரட்டைச் சுழி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, ஒன்று வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம். ரெண்டு சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று யாராவது சொன்னால், ஒன்றுக்கே வழியைக் காணோம் என்பான். அவள் தலையை வேறு யாரும் தொட அவன் விட்டதில்லை. கத்தரிக்கோலின் குளிர் பிடரியில் பட்டதும் தோள் இரண்டையும் காதுவரை தூக்கி, “கூசுதுப்பா” என்பாள். “ஆடாம இரு, இதோ முடிஞ்சிடும்” என்பான் அவன்.

முதல் முறை வெட்டிய முடியில் ஒரு சிட்டிகை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள் மனைவி. அன்றைக்குக் கடையில் கூட்டம். பெருக்குகிறவன் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிட்டான். டிராயரில் பத்திரமாக இருக்கிறது என்று அவன் சொன்ன பொய்க்கு இப்போது ஒரு வயது. முதல் மூட்டையிலேயே அது இங்கே வந்துவிட்டது. தலையிலிருந்து இறங்கிவிட்டால் முடி குப்பைதானே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்தான்.

பின்பக்கம் போகும் வழியில் ஒரு விளக்குக் கம்பத்தில் கணக்கு வாத்தியாரின் படம் ஒட்டியிருந்தது. ‘காணவில்லை’ விளம்பரம். இரண்டு மாத வெயிலில் முகம் வெளிறிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் கடைக்கு வந்தவர். வெள்ளை வெளேரென்ற தலை. வலது காதுக்குப் பின்னால் காசு அளவுக்கு வட்டமாகப் புழுவெட்டு. அதை மறைத்துச் சீவிவிடச் சொல்லிக் கெஞ்சுவார். புல்லில் வெறுங்காலோடு நடந்தால் கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருநாள் காலையில் இங்கே வந்தவர், வீடு திரும்பவில்லை. செருப்பு மட்டும் கிடைத்தது. ஞாபகம் தப்பி எங்காவது பஸ் ஏறியிருப்பார் என்றது போலீஸ். செருப்பில்லாமலா என்று கடையில் ஒரு வாரம் பேச்சு ஓடியது.

குளத்தைத் தாண்டியதும் வாடை வந்தது. பல நாள் துவைக்காத தலையணை உறையை மூக்கில் வைத்து அழுத்தியது போல, எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து ஊசிப்போன கனத்த வாடை. வெயில் மங்கி மேகம் இறங்கியிருந்தது. காற்றில்லாத அந்தப் புழுக்கத்தில் வாடை அங்கேயே தேங்கி, மூச்சோடு உள்ளே போய்த் தொண்டையில் பிசுக்காகப் படிந்தது. வாலு மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யாருப்பா தலைக்குக் குளிக்கல?” என்றாள்.

தோட்டக்காரர் பம்ப் அறை வாசலில் புல்வெட்டும் மிஷினைக் கவிழ்த்துப்போட்டு, பிளேடில் சுற்றியிருந்ததைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

“மிஷின் தாங்கல தம்பி. சுத்திக்குது. பிரிச்சு எடுக்கறதுக்குள்ள உசுரு போகுது.”

“புல்லா சுத்துது?”

அவர் கத்தியில் ஒட்டியதைப் பூட்ஸில் துடைத்தார். “மூட்டைய அங்கயே வைங்க. இனிமே வேணாம். போன மாசமே சொல்லணும்னு இருந்தேன்.”

அவன் புல்தரையைப் பார்த்தான். பச்சைதான். ஆனால் பச்சை மேலே மட்டும். எங்கிருந்தோ ஒரு காற்று வந்து வகிடு எடுத்தது போல அதை ஒதுக்கியபோது, அடியில் கறுப்பும் நரையும் செம்பட்டையும் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. காற்று நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் சாய்ந்தபடியே இருந்தது. நடுநடுவே வெள்ளையாகச் செதில் செதிலாக ஏதோ உதிர்ந்து கிடந்தது.

“இந்த வெள்ளை என்ன உரம்ணே?”

“நான் ஒண்ணும் போடல.”

பொடுகு. நகத்தில் சுரண்டி எடுத்துப் பார்த்தவனுக்குச் சந்தேகமே இல்லை. பதினேழு வருடப் பழக்கம். அந்தச் செதிலுக்கு நடுவில் எள்ளுப் போல ஒன்று ஊர்ந்து அவன் கட்டைவிரலில் ஏறியது. நசுக்கினான், பட்டென்று வெடித்து ரத்தம் வந்தது. பேன். ரத்தம் குடித்துக் கொழுத்த பேன். யார் ரத்தம்?

“அப்பா, சூடா இருக்கு!”

வாலு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கியிருந்தாள். குதித்தாள். “மெத்து மெத்துனு இருக்கு!”

“புள்ளய செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க,” என்றார் தோட்டக்காரர், தலையைத் தூக்காமல். “அரிக்கும்.”

சொல்லத்தான் போனான். அதற்குள் ஓரத்தில், வெள்ளைப் புல் அடர்ந்த ஒரு திட்டில், காசு அளவுக்கு வட்டமாக ஒரு வழுக்கை கண்ணில் பட்டது. தொழில் புத்தி யாரை விட்டது? குனிந்து உட்கார்ந்து, சுற்றியிருந்த வெள்ளையை விரலால் விலக்கி, விளிம்பைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. இளஞ்சூடு. அச்சு அசலாகப் புழுவெட்டு. புல்லுக்குக்கூடவா வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் வாலுவின் குரல்.

“கூசுதுப்பா.”

“ஆடாம இரு,” என்றான், திரும்பாமல். “இதோ முடிஞ்சிடும்.”

வாய் தானாகச் சொன்னது. ஒரு நாளைக்கு நாற்பது தலைக்குச் சொல்கிற வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் தன் கையில் கத்தரிக்கோல் இல்லை என்பது உறைத்தது. திரும்பினான்.

ஓரத்தில் இரண்டு குட்டிச் செருப்பு. ரோஸ் நிறம். புல்தரையில் யாருமில்லை.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. ஒளிந்து விளையாடுகிறாள் கழுதை. பம்ப் அறைக்குப் பின்னால் பார்த்தான். மரங்களுக்குப் பின்னால் பார்த்தான். “அம்மாகிட்ட ஓடியிருக்கும்” என்றார் தோட்டக்காரர். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது, கண் செருப்பையே பார்த்தது. முன்பக்கம் ஓடினான். பெஞ்சில் மனைவி தனியாக உட்கார்ந்து வாலுவின் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

“எங்க அவ?” என்றாள்.

“இங்க வரலியா?”

“உங்ககூடத்தானேங்க வந்தா? எங்க விட்டீங்க? பச்சப் புள்ளய எங்க விட்டீங்க?”

வாட்ச்மேன் விசில் ஊதினார். கேட்டை இழுத்து மூடினார்கள். குளத்தில் கழி விட்டுத் துழாவினார்கள். பாசியும் பழந்துணியும் பிளாஸ்டிக் பையும் வந்தன. மனைவியின் குரல் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு வாலு என்றாள், பிறகு வெறும் சத்தம்தான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவனுக்கு மட்டும் காதில் ஒரே வார்த்தைதான். கூசுதுப்பா.

தண்ணீரில் விழுகிற குழந்தை அப்படிச் சொல்லாது. எது தொட்டால் அவள் அப்படிச் சொல்வாள் என்று அவனுக்குத்தான் தெரியும்.

பின்பக்கம் போனான். அந்தி. தோட்டக்காரர் அங்கே இல்லை. புல்தரை முன்னைவிட மினுமினுப்பாக இருந்தது, எண்ணெய் தேய்த்தது போல. கால் வைத்தான். உள்வாங்கியது. முழங்கால் போட்டான். வாடை முகத்தில் அடித்தது.

விரலைச் சீப்பாக்கிச் சீவினான். கரகரப்பான திட்டு. கீழே மண். சாயம் வெளுத்த செம்பட்டைத் திட்டு. கீழே மண். வெறும் மண்தான். அவன் கொட்டிய குப்பைதான். மூச்சு கொஞ்சம் வந்தது.

வெள்ளைத் திட்டு. வட்ட வழுக்கை. அழுத்திப் பார்த்தான். மண் இல்லை. கெட்டியாக, வளைவாக, தோலுக்கு அடியில் எலும்பு. வட்டத்துக்கு முன்னால் புல்லுக்குள் ஒரு மடிப்பு தட்டுப்பட்டது. குருத்தெலும்பு. சீவும்போதெல்லாம் அவன் மடக்கிப் பிடிக்கிற காது.

அவன் கத்தவில்லை. கத்த நேரமில்லை. கையைத் தரையில் தேய்த்துக்கொண்டே தவழ்ந்தான். விரல் இடுக்கில் பிசுக்கு. மணிக்கட்டில் பேன். ஒன்று, பத்து, கணக்கில்லை. முகத்தில் ஒட்டியது. உதட்டில் ஒட்டியது. செருப்பு கிடந்த இடத்திலிருந்து நான்கு அடி. ஐந்து அடி.

மெல்லிய முடி.

பட்டு மாதிரி. இதற்கு முன் இங்கே இல்லாத திட்டு, உள்ளங்கையளவு. அழுக்கு இல்லை. பிசுக்கு இல்லை. காலையில் அவன் கையாலேயே தேய்த்துவிட்ட சோப்பின் வாசனை.

விலக்கினான். ஒரு சுழி. வலப்பக்கம்.

விரல் நகர மறுத்தது. நகர்த்தினான்.

பக்கத்தில் இன்னொன்று. இடப்பக்கம்.

“ஏங்க!” பின்னால் மனைவி. மூச்சிரைக்க ஓடி வந்து புல்தரையின் ஓரத்தில் நின்றிருந்தாள். இருட்டில் அவளுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். “என்னங்க தேடறீங்க அங்க? கிடைச்சாளா? சொல்லுங்களேன், கிடைச்சாளா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கின் அடியில் முடி. ஒன்றல்ல, பல. வார்த்தை அதில் சுற்றிக்கொண்டு வெளியே வரவில்லை. கையை எடுக்கவும் மனம் வரவில்லை. பயத்தில் சில்லிட்டுப்போயிருந்த உள்ளங்கையை அந்த இரண்டு சுழியின் மேல், தூங்குகிற பிள்ளையின் தலையில் வைப்பது போல, மெதுவாக வைத்தான்.

குளிர் பட்டதும், தரை தோள் இரண்டையும் தூக்கிக் கூசியது.