காலி மைக்கில் ஒரு குரல்

ரெக்கார்டிங் இன்ஜினியர் வெஸ்டர் தரையில் கிடந்தான்.

மல்லாந்து. வாய் திறந்து. ஒரு காலில் ஷூ இல்லாமல்...

நாஷ்வில்லின் அந்தச் சின்ன ஸ்டுடியோவில் பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. பின்பாட்டுக்கு வந்திருந்த சர்ச் சபைப் பாடகர்கள் நால்வரும் கண்ட்ரோல் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"யாரும் தொடாதீங்க," என்றார் மூத்தவர் லானி. "பரிசுத்த ஆவியானவர் தொட்டு விழ வச்சிருக்கார்."

"வெஸ்டரையா? அவன் சபைப் பக்கம் வந்து இருபது வருஷம் ஆச்சே."

"அதான் இவ்வளவு பலமா தொட்டிருக்கார்."

கோட்டு ஒன்றைப் போர்த்தி, சுற்றி நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். முழுசாகப் பத்து நிமிடம்!

பதினோராவது நிமிடம் வெஸ்டர் கண் விழித்தான்.

"எவன்டா என் மண்டையில அடிச்சது?"

பின்மண்டையில் எலுமிச்சம்பழ அளவில் வீக்கம். அலமாரியில் இருந்த டேப்பைக் காணோம். அதுவரை பாடி முடித்த பத்துப் பாட்டும் போச்சு!

பாடகன் ஹாய்ட் டாக்கெட் நாற்காலியில் சரிந்தான். குடிகாரப் பாட்டுகளால் பேர் வாங்கியவன். பாடியபடியே வாழ்ந்தும் காட்டியவன். போன வருஷம் மனைவி இமோஜீன் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஈஸ்டருக்குள் ஒரு சொட்டு தொடாமல் ஒரு பக்திப் பாட்டு ஆல்பம் பாடி முடித்தால் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். குடித்திருக்கிறானா என்று முதல் வரியைக் கேட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஈஸ்டருக்கு இன்னும் நாலே நாள்...

"மூணு மாசமா மோர் குடிச்சுப் பாடினேன் சார்," என்று விசாரிக்க வந்த டிடெக்டிவ் கிராப்ட்ரீயிடம் புலம்பினான் ஹாய்ட்.

"எதிரிங்க யாராவது?"

"இந்த மூணு மாசத்துல ஊர்ல இருக்கற சாராயக் கடைக்காரங்க எல்லாரும்."

"வெஸ்டர், அடிச்சது யாருன்னு பாத்தியா?"

"திரும்பறதுக்குள்ள விழுந்துட்டேன் சார்."

"நீங்க?"

"கண்ணை மூடிட்டுத்தான் சார் பாடுவோம்," என்றார் லானி.

மெஷினில் கடைசிப் பாட்டு மட்டும் மிச்சமிருந்தது. ஓடவிட்டார்கள்.

நடுவில் ஒரு 'டொம்'. அதுவும் சரியாகத் தாளத்தில்...

"என் மண்டை," என்றான் வெஸ்டர்.

கிராப்ட்ரீ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "எத்தனை பேர் பாடினீங்க?"

"அஞ்சு பேர்."

"ஆறு குரல் கேக்குதே. ஆறாவது பொம்பளைக் குரல். கீழ் ஸ்தாயி, ஆல்ட்டோ."

கிராப்ட்ரீ கண்ணாடி வழியாகப் பாடும் அறையைப் பார்த்தார்.

"கண்ட்ரோல் ரூம் கதவுகிட்ட அந்த மைக் யாருக்கு? ஆன்ல இருக்கு, ஆள் இல்லையே?"

ஹாய்ட் தலையைக் குனிந்துகொண்டான். "அது இமோஜீன் நிக்கற இடம் சார். ஆல்ட்டோ அவதான் பாடுவா. அந்த மைக் இல்லன்னா எனக்குப் பாட்டே வரல..."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்தது.

"சார், புகாரே வேணாம். டேப் தொலைஞ்சா தொலையட்டும்."

"வீங்கினது உன் மண்டையா?" என்றான் வெஸ்டர்.

*

அடுத்த தெரு சபைச் சமையலறை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார் கிராப்ட்ரீ. புதன்கிழமை விருந்துக்கு இமோஜீன் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் சார் ஸ்டுடியோவுக்குப் போறேன்? காலையிலேர்ந்து அடுப்படியிலதான் நிக்கறேன்."

"சரிம்மா." கிராப்ட்ரீ ஒரு கோழிக்காலை எடுத்துக் கடித்தார். மெல்ல அந்தக் கடைசிப் பாட்டின் பல்லவியை எடுத்தார். கண்றாவியான குரல். பொறுக்க முடியாமல் ஹாய்ட் சேர்ந்துகொண்டான். லானியும்.

மூன்றாவது வரி...

அடுப்புப் பக்கத்திலிருந்து ஆல்ட்டோ வந்தது!

இமோஜீனின் கையில் இடுக்கி அப்படியே நின்றது. பிறகு மாவு டின்னைத் திறந்து டேப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஏன் இமோஜீன்?" ஹாய்ட்டின் குரல் உடைந்தது. "நல்லா இல்லையா?"

"நல்லா இருந்ததுதான் பிரச்சனை. நீ முடிக்க மாட்டேன்னு நினைச்சுத்தான் வாக்குக் குடுத்தேன். எட்டிப் பாக்கலாம்னு வந்தா, முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு. நீ குடிக்கல. இனி நான் திரும்பி வரணும். மறுபடியும் நம்பி, மறுபடியும் ஏமாந்தா? பயமா இருந்தது ஹாய்ட்."

"அப்புறம் ஏம்மா பாடினீங்க?" கிராப்ட்ரீ கேட்டார். "சத்தமில்லாம போயிருக்கலாமே?"

"ஆல்ட்டோ இல்லாம பல்லவி போகுது. எப்படி சார் வாயை மூடிட்டு நிக்கறது?"

அவள் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோழி கருகுது பாரு," என்றாள். "வீட்ல அடுப்பு வேலை செய்யுதா, இல்ல அதையும் கெடுத்து வச்சிருக்கியா?"

ஹாய்ட் வேகமாகத் தலையாட்டினான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"அதுசரி, எதால அடிச்சீங்க?" என்றார் கிராப்ட்ரீ.

"கைப்பையால. உள்ள பைபிள் இருந்தது."

லானி நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் அப்பவே சொன்னேனே!"

"வெஸ்டர், புகார் குடுக்கறியா?"

வெஸ்டர் ஐஸ் பையை மண்டையில் அழுத்தியபடி யோசித்தான்.

"வேணாம் சார். ஆனா ஆல்பம் அட்டையில என் பேர் வரணும்."

"ரெக்கார்டிங் வெஸ்டர்னு வழக்கமா வருமே?" என்றான் ஹாய்ட்.

"அது போதாது சார். ட்ரம்ஸும் வெஸ்டர்னு போடச் சொல்லுங்க."