காலி நாற்காலியில் ஒரு ரசிகர்

கடைசிப் பெட்டியை இறக்கி வைத்த மாமா கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். அக்காவின் கணவர் அவர், வீடும் கடையும் பிடித்துக் கொடுக்கும் தரகர். நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த இந்த இடத்தை மைத்துனனுக்காகத் திறந்துவிட்டிருந்தார்.

“காது டாக்டர் இருந்த இடம் மாப்ளே. அவரு வெளிநாட்டுக்குப் போயிட்டாரு. பின்னால ஒரு சின்ன ரூம் இருக்கு பாரு, காதை டெஸ்ட் பண்றதுக்குன்னே கட்டினது. உள்ள நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியில ஒரு ஈகூடத் திரும்பிப் பார்க்காது.”

“பாட்டு பண்றவனுக்கு அதுதான் மாமா வேணும்.”

“உன் பாட்டைக் கேக்குறவங்களுக்கும் அதுதான் வேணும்.”

அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டு துடைப்பத்தைத் தேடப் போனாள். அவன் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான். மாமா மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தான். வார்த்தையும் பாடகரும் இல்லாமல், கணினியில் ஒவ்வொரு ஒலியாகக் கோத்துச் செய்யும் இசை அவனுடையது. மாமாவுக்கு அது ஃபிரிட்ஜ் ரிப்பேரான சத்தம்.

பின்னறையில் பழைய ரப்பரும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை அடித்தது. அதன் மூலையில், அறைக்குள் ஓர் அறையாக அந்தச் சோதனைக் கூண்டு நின்றது. ஐஸ் கிடங்கின் கதவுபோல் தடித்த கதவு, துளைகள் போட்ட சுவர்கள், முகம் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே மெத்தை வைத்த ஒற்றை நாற்காலி. அதன் பக்கத்தில் சுவரிலிருந்து, நுனி வெட்டப்பட்ட ஒரு வயர் தொங்கியது. கதவைச் சாத்திப் பார்த்தான். காதில் பஞ்சை அடைத்ததுபோல் உலகம் அணைந்துபோனது. தன் எச்சில் தொண்டையில் இறங்கும் சத்தம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இணையத்தில் அவன் பெயர் ‘வெற்றிடம்’. சொந்தமாக இசை செய்கிறவர்கள் கூடும் ‘இரவல் காது’ என்ற குழுவில் அவன் பாட்டுகளை ஏற்றுவான். அடுத்தவர் பாட்டைக் கேட்டுக் கருத்து எழுதினால்தான் தன் பாட்டை ஏற்றலாம் என்பது அங்கே விதி. அவன் யாருடையதையும் கேட்டதில்லை. ‘நல்ல சூழல். நடுப்பகுதியை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்’ என்ற ஒரே வரியை எல்லோருக்கும் ஒட்டிவிட்டுப் போவான். ஒருமுறை, ‘அப்பா காலமாகிவிட்டார், சில நாள் வரமாட்டேன்’ என்று யாரோ போட்டிருந்த அறிவிப்பின் கீழும் நடுப்பகுதியை இறுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து குழுவில் அவனுக்கு ‘காலி டப்பா’ என்று பெயர்.

அவனுக்கு வரும் கருத்துகளும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன. ‘ஹெட்போன் ஹீரோ’ எழுதுவான்: “நைஸ் ப்ரோ. லிஃப்ட்ல போற ஃபீல்.” எந்தப் பாட்டிலும் அடித்தொனியின் அதிர்வையே தேடும் ‘பேஸ் பைத்தியம்’ கேட்பான்: “பேஸை வீட்ல வெச்சுட்டு வந்துட்டீங்களா?” ‘தூக்கம் வரலை’ என்ற பெயரில் வரும் ஒரு தாய் எழுதுவாள்: “இதைப் போட்டதும் குழந்தை தூங்கிட்டான். ரொம்ப நன்றி.” மூன்றில் அந்த நன்றிதான் அவனை அதிகம் எரித்தது. செவிட்டு மந்தை என்று முணுமுணுத்துக்கொள்வான்.

ஆனாலும் அந்த மந்தையை விட்டால் அவனுக்கு வழியில்லை. வேலையை உதறிவிட்டு வந்தபோது அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். உறுப்பினர்கள் வாக்களித்துக் குழு வெளியிடும் இந்த ஆண்டுத் தொகுப்பில் அவன் பாட்டு ஒன்றாவது வராவிட்டால், மாமாவின் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். உண்மையில் அவன் ஏங்கியது தொகுப்புக்குக்கூட அல்ல. இசையின் இடுக்குகளில் அவன் ஒளித்துவைக்கும் நுணுக்கங்களைக் கண்டுபிடிக்க ஒரு காது வேண்டும். ஒரே ஒரு காது.

கூண்டுக்குள் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்தான். பாட்டை அந்த மூடிய அறைக்குள் ஒலிக்கவிட்டு, மைக்கில் திரும்பப் பிடித்தால் அறையின் குணமும் பாட்டில் ஏறிக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. வெளியே மேஜையில் ஹெட்போனோடு அவன் உட்கார்ந்தான். நல்ல பகல் வெளிச்சம். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டின் நடுவில் ஊசிமுனை போன்ற ஓர் ஒலியை, யார் காதுக்கும் எட்டாத மெலிவில் மறைத்து வைத்திருந்தான். அந்த இடம் வந்தது.

டிக்.

கேபிளைத் திட்டிக்கொண்டு மாற்றினான். மறுபடி ஓட்டினான். அதே இடத்தில், டிக். ஒளித்த ஒலியை வேறொரு இடத்துக்கு நகர்த்தினான்.

டிக்கும் நகர்ந்தது.

எழுந்து போய்க் கண்ணாடி வழியே பார்த்தான். நாற்காலி. ஒலிபெருக்கி. மைக். வேறொன்றும் இல்லை.

மற்ற எல்லா ஒலிகளையும் நீக்கிவிட்டு அந்த ஊசியை மட்டும் உள்ளே அனுப்பினான். டிக். இன்னும் மெலிதாக்கினான். சற்றே தயங்கி, முன்னால் குனிந்து காதைக் கொடுத்ததுபோல ஓர் இடைவெளிக்குப் பிறகு, டிக்.

பயம் வர வேண்டிய இடத்தில் அவனுக்குப் பெருமை வந்தது. கடைசியில் ஒருவர் கிடைத்துவிட்டார்! அது பேயோ பூதமோ, அவனுக்குக் கவலையில்லை. ஹெட்போன் ஹீரோவைவிட ரசனை இருந்தது.

அதன் பிறகு அவன் அந்தக் காதுக்காக மட்டுமே இசை செய்தான். பாட்டுகள் நாளுக்கு நாள் மெலிந்தன. “ஃபைல் சரியா ஏறலை போல ப்ரோ” என்று குழுவில் எழுதினார்கள். “காது இருப்பவர்களுக்கு ஏறும்” என்று பதில் போட்டான். சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றாள்.

“என்னடா சத்தத்தையே காணோம், கரண்ட் போயிடுச்சா?”

“ஓடிட்டுத்தான் இருக்கு.”

உள்ளே வந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். “டிக் டிக்குன்னுது. வேற ஒண்ணும் இல்லையே.”

“அதுதான்க்கா கைதட்டல்.”

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “மாமாகிட்ட சொல்லி இப்பவே ஒரு மேஜை போடச் சொல்லட்டுமாடா?”

மறுநாள் காலை, டாக்டரிடம் முன்பு வேலை பார்த்த பரிசோதகி, விட்டுப்போன இரும்பு பீரோவை எடுக்க இரண்டு சுமைக்காரர்களோடு வந்தாள். கூண்டைக் காட்டி அவன் கேட்டான்.

“உள்ள ஒரு வயர் தொங்குதே, அது என்ன மேடம்?”

“பட்டன் வயர். பட்டனை நான்தான் வெட்டிப் புது இடத்துக்கு எடுத்துட்டுப் போனேன்.”

“எதுக்குப் பட்டன்? பிடிச்சிருந்தா அமுக்குறதுக்கா?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “பிடிக்கறதுக்கு இங்க என்ன கச்சேரியா நடத்தினோம்? சத்தம் கேட்டா அமுக்கணும். கேட்டுச்சுன்னு அர்த்தம், அவ்ளோதான். நாங்க சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே போவோம். எப்ப அமுக்கறது நிக்குதோ, அதோட அந்தக் காதோட எல்லை முடிஞ்சுது.”

அவன் முகம் கறுத்தது. “நிக்கவே இல்லைன்னா?”

“நிக்காம எப்படி? சத்தமே இல்லாதப்பவும் ஒருத்தர் அமுக்கினா, ஒண்ணு சும்மா அமுக்கறாரு.” பீரோவின் கால் இடறாமல் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “இல்லைன்னா, நமக்குக் கேக்காத ஏதோ ஒண்ணு அவருக்குக் கேக்குது.”

பிறகு ஏனோ சுமைக்காரர்களை அவசரப்படுத்தினாள்.

அவர்கள் போனதும் அவனுக்கு வந்தது பயமல்ல, அவமானம். இத்தனை நாளும் அது ரசிக்கவில்லை. கேட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறது. தெருநாய்கூடச் சத்தம் கேட்டால் காதைத் தூக்கும்! ஒலிபெருக்கியைக் கூண்டிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்தான். மைக்கை மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். இப்போது என்னத்தைக் கேட்பாய் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

நிசப்தம்.

டிக்.

டிக். டிக்.

ஒரே சீராக வந்தது. காரணமில்லாமல் தன் கை நெஞ்சின்மேல் போயிருப்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தான்.

ஒவ்வொரு டிக்கும் அவன் இதயத் துடிப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்தான். நெஞ்சு வேகமெடுத்தது. டிக்கும் வேகமெடுத்தது. தடித்த கதவுக்கும் சுவருக்கும் அப்பாலிருந்து அது அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவனுக்கு ஆணவம் காலைக் கட்டியது. கதவைத் திறந்தான். நாற்காலியின் மெத்தை, யாரோ அப்போதுதான் எழுந்ததுபோல், மெல்ல மெல்ல மேலே உப்பிக்கொண்டிருந்தது. ரப்பர் வாடையோடு, குளிக்காத உடம்பின் வாடை.

“யாருய்யா அது?”

குரல் அவன் காலடியிலேயே விழுந்து செத்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். கதவு தானாக வந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால், மேஜையருகே அவனுடைய சுழல் நாற்காலி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்து நின்றது.

காத்திருந்தான்.

எதுவும் கேட்கவில்லை. ஒரு டிக் கூட இல்லை. கதவைத் தள்ளினான், திறந்தது. தன்னையே ஏமாற்றிக்கொண்டதை நினைத்துச் சத்தமாகச் சிரித்தான். தான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது மைக் பிடித்து வைத்திருந்த அந்த வெறும் நிசப்தத்தை அப்படியே குழுவில் ஏற்றினான். தலைப்பு: ‘உங்களுக்கு இதுவே அதிகம்.’

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கருத்துகள் குவிந்திருந்தன.

“ப்ரோ, மன்னிச்சிடுங்க. காலி டப்பான்னு இனிமே சொல்லமாட்டேன்” என்று எழுதியிருந்தான் பேஸ் பைத்தியம். “அந்தக் குரல் யாரோடது?”

“கேக்குதா, கேக்குதான்னு அவரு திரும்பத் திரும்பக் கேக்க, குரல் குறைஞ்சுக்கிட்டே போறது செம ஐடியா.” இது ஹெட்போன் ஹீரோ. “தொகுப்புக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.”

‘தூக்கம் வரலை’ எழுதியிருந்தாள்: “பாதியிலேயே நிறுத்திட்டேன். ஸ்பீக்கரைப் பார்த்து என் பையன் ‘கேக்குது’ன்னு பதில் சொல்றான்.”

ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒலியை உச்சத்தில் வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. மறுபடி கேட்டான். ஒன்றுமில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அந்த மந்தையிடம் கெஞ்சினான்: “எந்த இடத்தில் கேட்கிறது?”

“முழுக்கத்தான் ப்ரோ. உங்களுக்குக் கேக்கலையா?”

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போட்டது போட்டபடி அக்காவின் வீட்டுக்கு நடந்தான். பாட்டுக்கு வாக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. அவன் அதைப் பார்க்கவில்லை. கூடத்தில் அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில். அவன் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்தான்.

“பதில் சொல்லித் தொலையேன்டா” என்றாள் அக்கா, துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“யாருக்கு?”

“கூட வந்தாரே, அவருக்குத்தான். வாசல்ல நுழைஞ்சதுலேர்ந்து கேக்குதா கேக்குதாங்கிறாரு. உள்ள கூப்பிடு, நான் டீ போடறேன்.”

“அக்கா, விளையாடாத.”

“பாவம், குரல் இறங்கிட்டே போகுது பாரு.” நிமிர்ந்தாள். வாசலில் யாருமில்லை. அவள் கை மடித்த சட்டையின்மேல் அப்படியே நின்றது. பார்வை மெல்ல நகர்ந்து, அவன் முகத்துக்கு வராமல், அதன் பக்கத்தில் நின்றது.

“தம்பி,” என்றாள், உதடு மட்டும் அசைய. “உன் காதுகிட்ட வந்து கேக்குறாருடா.”

அவன் துள்ளி எழுந்தான். “கேக்குது!” என்று வீடே அதிரக் கத்தினான். “கேக்குது, நல்லாவே கேக்குது!”

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் வெளிறிப் போனது.

“பொய்யாம்” என்றாள்.