கையால் பார்க்கிறவனுக்கு ஒரு படம்

சனிக்கிழமை அப்பா வேறு வீட்டுக்குப் போகிறார். இனி அங்கேதான் இருப்பார். அம்மாவும் அப்பாவும் சாமான்களைப் பிரித்து எழுதிய பட்டியலில் பிரிண்டர் அப்பா பக்கம் இருந்தது. பிள்ளைகளை யாரும் எழுதவில்லை. அவர்கள் அம்மா பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்குப் பதினொரு வயது. தம்பிக்கு நான்கு. அவனை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவன் விரல் படாத இடம் கூரை மட்டும்தான்.

வியாழக்கிழமை மாலை அப்பா புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பிரிண்டரைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ பிரிண்ட் எடுத்துக்கட்டுமா? நாம நாலு பேரும் படகுல இருக்கோமே, அது" என்று கேட்டாள் அக்கா.

"எடுத்துக்கோம்மா. டிராயர்ல தாள் இருக்கும் பாரு." அவர் நிமிரவே இல்லை.

டிராயரில் இரண்டு பளபளப்புத் தாள்கள் இருந்தன. முதல் படம் கண்ணாடிபோல மின்னிக்கொண்டு வந்தது. மை காய்வதற்குள் வாண்டு ஓடிவந்து "அப்பா!" என்று விரலை வைத்தான். அப்பாவின் முகம் நீளமாக இழுபட்டு மீசையோடு கலந்துபோனது.

"உன்னை யாருடா தொடச் சொன்னது?"

வாண்டுவின் உதடு பிதுங்கியது. "நான் பாத்தேன்க்கா. அவ்ளோதான்."

அக்காவால் மேலே திட்ட முடியவில்லை. அவன் எதையும் கையால்தான் பார்ப்பான்.

பள்ளி வேலைக்கு வைத்திருந்த சாதாரண வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தாள். மை ஊறித் தாள் நெளிந்தது. நான்கு பேரும் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர்கள்போல வெளிறிப்போயிருந்தார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் தெருமுனைக் காகிதக் கடைக்குப் போனாள்.

"பளபளப்புதான் எல்லாரும் வாங்குறாங்க. படம் ஜொலிக்கும்" என்றார் கடைக்காரம்மா.

"தொட்டா?"

"காஞ்சப்புறமும் கைரேகை விழும். சட்டம் போட்டு மாட்டிடணும்."

"மாட்டுறதுக்கு இல்ல. என் தம்பி கையில வெச்சுக்கணும்."

கடைக்காரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். உள்ளே போய் ஒரு மேட் தாளை எடுத்துவந்தார். "இதுல மினுமினுப்பு இருக்காது. ரேகையும் தெரியாது."

அக்கா கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். மூலையை லேசாக வளைத்தாள். "இதுலயே கெட்டியா இருக்கா? அவன் கசக்கிடுவான்."

கெட்டியான தாளும் இருந்தது. "நல்ல வெள்ளையா இருக்கிற பக்கத்துல அடி, மாத்திடாத" என்று சொல்லி, கட்டைப் பிரித்து ஒரே ஒரு தாளைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளில் வாண்டுவுக்கு ஒரு படம் எடுத்தாள். மிச்சமிருந்த பளபளப்புத் தாளில் அப்பாவுக்கு ஒன்று. இரண்டையும் அலமாரி உச்சியில் காயவைக்கும்போது அம்மா வந்து நின்றாள்.

"அவருக்குக் குடுக்கிறதுல என்னை வெட்டிடு. அதுதான் அவருக்கு வசதி."

"உன்னை வெட்டினா உன் மடியில இருக்கிற வாண்டுவும் போயிடுவான்மா."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை வாசலில் வண்டி வந்து நின்றது. அக்கா படத்தை உறையில் போட்டு நீட்டினாள்.

"புது வீட்டுச் சுவத்துல மாட்டுங்கப்பா."

"சரிம்மா." அவர் உறையை வாங்கிக்கொண்டு அவள் தலையைத் தடவினார். வாண்டுவைத் தூக்கி இறக்கினார். அப்புறம் பெட்டிகளை ஏற்றப் போனார்.

வண்டி போன பிறகு, செருப்பை எடுத்துவைக்கக் குனிந்தவள் அந்த உறையைச் செருப்பு அலமாரிமேல் பார்த்தாள். படம் உள்ளேயே இருந்தது.

மறந்திருக்கலாம். மறக்காமலும் விட்டிருக்கலாம்.

பின்னால் வந்த அம்மாவும் பார்த்துவிட்டாள். "போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

அக்கா உறையை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம்மா."

கூடத்தில் வாண்டு தன் படத்தை மடியில் வைத்து, "இது அப்பா மூக்கு, இது அப்பா காது" என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான். அக்கா உறையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவனைத் தாண்டி அறைக்குப் போனாள். தன் துணி அலமாரியைத் திறந்து, கதவின் உட்பக்கத்தில் நான்கு மூலையிலும் டேப் வைத்துப் படத்தை ஒட்டினாள்.

தனக்கென்று ஒன்று எடுக்க அவள் மறந்தே போயிருந்தாள்.