கரடியை மறைக்க முப்பது குச்சிகள்

கரடி குரைத்தால் சில்லுவுக்குக் கை கால் எல்லாம் உதறும்.

காட்டுக் கரடி அல்ல. பக்கத்து வெல்டிங் பட்டறையின் கறுப்பு நாய். அதன் பெயர்தான் கரடி. பெயர் வைத்தவர் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை.

பட்டறைக்கும் சில்லு வீட்டுக்கும் நடுவே வெறும் கம்பி வலை. சில்லு குழாயடிக்குப் போனால் போதும், கரடி பாய்ந்து வந்து வலைமேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து நிற்கும். வலை குலுங்கும். சில்லுவும் குலுங்குவாள். பாதித் தண்ணீர் தரையில், மீதி கவுனில்.

அம்மா செடி நர்சரியில் வேலை செய்பவள். "நீ கண்ணுல பட்டாதான் குரைக்குது. வேலிச்செடி வெச்சு மறைச்சிடலாம்" என்று சொல்லி, ஒரு கட்டு ஹனிசக்கிள் குச்சிகளைக் கொண்டுவந்தாள்.

இது கொடி வகை அல்ல, புதர் வகை. பாதி நகம் அளவுக்குக் குட்டி குட்டி இலைகள். வருடம் முழுக்கப் பச்சை மாறாது. வெட்ட வெட்ட அடர்ந்து வளரும்.

கணுவுக்குக் கீழே வெட்டி, அடிப்பாதி இலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் முப்பது குச்சிகளைச் செருகினார்கள். மேலே பாலித்தீன் மூடினார்கள்.

"நிழல்ல இருக்கணும். தினமும் தண்ணி தெளிக்கிறது உன் வேலை" என்றாள் அம்மா.

நிழல் இருந்த ஒரே இடம் கம்பி வலையின் ஓரம்.

"அங்கயா?" சில்லு வலையைப் பார்த்தாள்.

தினமும் மாலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். தண்ணீர் தெளிப்பாள். கூடவே ஒரு குச்சியை மெல்ல உருவிப் பார்ப்பாள். வேர் வந்தால் வேலி வரும், வேலி வந்தால் கரடி தெரியாது. வேர் இல்லையென்றால் மறுபடி செருகிவிட்டு, அடுத்த குச்சியை உருவுவாள்.

நான்கு வாரம் கழித்து அம்மா பாலித்தீனை விலக்கினாள். பன்னிரண்டு குச்சிகள் கறுத்துப் போயிருந்தன.

"எலி கிளறியிருக்குமோ?" அம்மா முகம் வாடிவிட்டது. "மீதியும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

இன்னொரு வருஷமா? எலியின் தலையில் பழியைப் போட்டுவிடலாம். எலி வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் மீதிக் குச்சிகள்?

"எலி இல்லம்மா. நான்தான். வேர் வந்துச்சான்னு உருவிப் பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"தினமும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புது வேர் நூல் மாதிரி இருக்கும்டி. இழுத்தா அறுந்துடும். இனிமே தொடாதே."

"பாக்காம இருந்தா பயமா இருக்கேம்மா."

அம்மா கறுத்த குச்சிகளைப் பொறுக்கி எடுத்தாள்.

சில்லுவுக்குத் தன் கையைப் பற்றி நன்றாகத் தெரியும். அது சும்மா இருக்காது. யோசித்து யோசித்து, காலி ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்தாள். அடியில் கூழாங்கல் போட்டு, மண்ணை நிரப்பி, மீதி பதினெட்டில் ஒரே ஒரு குச்சியைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் நட்டாள். வேருக்கு இருட்டு வேண்டுமே என்று சுற்றிலும் கறுப்புக் காகிதம் சுற்றினாள்.

"இதை மட்டும் பாத்துக்கறேன். காகிதத்தை விலக்கினா போதும். மத்ததைத் தொட மாட்டேன்."

அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா நர்சரியில இருக்கேன், எனக்கு இது தோணலையே" என்றாள்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாலை வலை ஓரம் உட்கார்ந்து காகிதத்தை விலக்கியபோது, கண்ணாடியை ஒட்டி ஒரு வெள்ளை நூல்.

அதே நேரம் அவள் காதருகில் சூடாக மூச்சுக்காற்று பட்டது. வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கரடி நின்றிருந்தது.

சில்லுவுக்கு உயிரே போய்விட்டது. ஓட வேண்டும். ஆனால் கையை உதறினால் பாட்டில் உடையும், வேர் அறுந்துவிடும். கரடி குரைத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். காகிதத்தைச் சரியாகச் சுற்றினாள். அப்புறம்தான் ஓடினாள்.

மழைக்காலம் தொடங்கியதும் பிழைத்த பதினெட்டுச் செடிகளையும் வலை ஓரமாக நட உட்கார்ந்தார்கள். முதல் செடியை நட்டதும் சில்லு எட்டி நின்று பார்த்தாள். கரடியின் முழங்கால்கூட மறையவில்லை.

"அம்மா, இது எப்பம்மா மறைக்கும்?"

"ஒரு ரெண்டு வருஷம் ஆகும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா நட்டிருப்பியா?"

கரடி வலைமேல் ஏறி நின்று குரைத்தது. சில்லுவின் தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"குரைச்சுக்கோ. உனக்கு இன்னும் ரெண்டே வருஷம்தான்" என்று நடுங்கும் குரலில் அதனிடம் சொல்லிவிட்டு, அடுத்த குழியைத் தோண்டத் தொடங்கினாள்.