வாசல் எந்தப் பக்கம்?

ராஜம்மாவுக்குப் பத்து வயது. மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளைப் போலப் பந்தை உதைக்க ஒரு பையன்கூடக் கிடையாது. பந்து என்றால் கடையில் வாங்கியதல்ல. மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிச் செய்தது. அது எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது.

1926ஆம் வருடம் ஒரு சனிக்கிழமை, அந்தப் பந்து பிள்ளைகள் விளையாடும் திடலின் நடுவில் ஒரு முளைக்குச்சியில் மோதி நின்றது. முதல்நாள் அங்கே குச்சி இல்லை. இப்போதோ வடக்கிலிருந்து தெற்குவரை வரிசையாகக் குச்சிகள் திடலை இரண்டாக வெட்டிக்கொண்டு நின்றன. கப்பலில் வந்திறங்கிய ஆறு குடும்பங்களுக்கு அங்கே ஒரே வரிசையாக வீடுகள் வைத்துப் புது லயம் கட்டப்போகிறார்களாம். திங்கட்கிழமை தச்சர்கள் வருகிறார்களாம்.

தோட்டமே கொதித்தது. ராஜம்மாவின் அப்பா காளியப்பன் முன்னால் நடக்க, ஒரு கூட்டம் தோட்டத்துத் தலைமை எழுத்தர் கிராணி சதாசிவத்தின் ஆபீசுக்குப் போனது. வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் கிராணி வைத்ததுதான் சட்டம்.

பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், தீபாவளிக்குச் சடுகுடு எங்கே நடத்துவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மரத்தை வெட்டத் துரை விடமாட்டாரு. திடல்தான் மிச்சம். அதுலயும் வாசல் கிழக்கு பார்த்து இருக்கணும்னு போன மாசம் நீங்கதானே கேட்டீங்க? அப்ப லயம் வடக்கு தெற்காத்தான் நீளணும். கிழக்குக் கோடியில கெணறு, மேற்குக் கோடியில சதுப்பு. நடுவுல தவிர வேற எங்க வைக்கிறது?"

காளியப்பன் தலையைச் சொறிந்தார். அப்படிக் கேட்கச் சொன்னதே அவர்தான்.

ராஜம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திடலைப் பறிக்க வந்தவர்களின் முகத்தையாவது பார்த்துவிடுவோம் என்று, அவர்களைத் தங்கவைத்திருந்த பழைய ஸ்டோருக்கு நடந்தாள்.

உள்ளே புடவைகளைத் தடுப்பாகக் கட்டி ஆறு குடும்பங்களும் நெருக்கியடித்துக் கிடந்தன. எட்டு வயதுப் பையன் ஒருவன், தூங்கும் குழந்தை விழித்துவிடாமல், ஒரு கொட்டாங்கச்சியை மெல்ல மெல்ல உதைத்துக்கொண்டிருந்தான். பெயர் செபஸ்தியன். ராஜம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. கையிலிருந்த பந்தை அவனிடம் நீட்டினாள்.

அவன் அம்மா சூசையம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் ராஜம்மா கேட்டாள்:

"அக்கா, உங்க வீட்டு வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்கணுமா?"

கப்பல் ஏறியதிலிருந்து தங்களை யாரும் எதுவும் கேட்டதே இல்லை என்றாள் சூசையம்மாள். பிறகு சற்று யோசித்தாள்.

"எந்தத் திசையா இருந்தா என்ன கண்ணு? கதவைத் தெறந்தா இவன் வெளையாடறது தெரியணும். அம்புட்டுத்தான்."

ராஜம்மா மற்ற ஐந்து வீட்டாரிடமும் கேட்டாள். வாசல் என்று ஒன்று இருந்தாலே போதும் என்றார்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குச்சிகளைச் சரிபார்க்க வந்த கிராணி அப்படியே நின்றுவிட்டார். தெற்கு ஓரத்தில், கால்வாயை ஒட்டிப் புல் மண்டிக் கிடந்த இடத்தில், ஆறு குடும்பங்களும் இடம்விட்டு வரிசையாக நின்றன. எல்லாருடைய முகமும் திடலைப் பார்த்திருந்தது.

"இதுதான் லயம், கிராணி ஐயா," என்றாள் ராஜம்மா. "நிக்கிற இடம் வீடு. மூஞ்சி இருக்கிற பக்கம் வாசல். குடியிருக்கப் போறவங்களுக்கு இது சம்மதமாம்."

கிராணி ஓரத்தை ஒருமுறை காலடியால் அளந்தார். ஆறு வீடும் கச்சிதமாக அடங்கின. அவர் காளியப்பன் பக்கம் திரும்பினார்.

"அப்ப கிழக்கு?"

காளியப்பன் முழுசாகக் கிடந்த திடலைப் பார்த்தார். மகளையும் பார்த்தார்.

"வடக்கும் நல்ல திசைதாங்க."

துரையிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கிராணி குனிந்து முதல் குச்சியைப் பிடுங்கினார். மற்றவற்றைப் பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் பிடுங்கிவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் புது லயம் எழுந்தது. முதல் ஆட்டத்தில் ராஜம்மா ஓங்கி உதைத்த பந்து செபஸ்தியனைத் தாண்டி, எகிறி, நேராக அவன் வீட்டுக்குள்ளேயே போய் விழுந்தது. ஆட்டம் நின்றது. சொட்டச் சொட்ட நனைந்த பந்தோடு சூசையம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி இது என் கஞ்சிப் பானையில விழுந்துச்சு," என்றாள் சிரித்தபடி, "வாசலைக் கிழக்குப் பக்கம் திருப்பிடுவேன்."

சொல்லிவிட்டுப் பந்தைத் திடலுக்குள் ஓங்கி உதைத்தாள்.